மதுரையில் பிள்ளைகளுக்கு அறிவியல்: எங்கே போகலாம், போய் என்ன செய்யலாம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். வில்லாபுரத்தில் இருக்கிறீர்கள். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. இரண்டு பேருக்கும் அறிவியல் என்றால் ஆசை. கோடை விடுமுறைக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கட்டி ரோபோடிக்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா, இல்லை குடும்பமாகப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள நம் ஊர்ப் பக்கமே ஏதாவது இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி.

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. மதுரை மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளோடு அறிவியல் செயல்பாடுகளில் பல வருடமாக இருப்பவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டி, போட்டோ எடுத்து, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பினால் பிள்ளை மனதில் ஐஸ்கிரீம்தான் நிற்கும். கையில் ஒரு கேள்வியோடு, அளப்பதற்கு ஒரு ஸ்கேலோ நோட்டோ எடுத்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு அதே இடம் வேறு மாதிரி தெரியும். அதனால் இடத்தின் பெயரோடு சேர்த்து, அங்கே என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன். பணம் அதிகம் ஆகாதவற்றிலிருந்து தொடங்கலாம்.

முதல் இடம் புது நத்தம் ரோட்டில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 அன்று திறந்தார்கள். குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. வார இறுதிகளில் அவர்களுக்கான நிகழ்ச்சிகளும் அவ்வப்போது நடக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கூட்டம் எப்போதும் இருக்கும், அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், குழந்தைகள் பகுதி தனி. மாதம் இரண்டு முறை போவது என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். போகும்போது, அந்த வாரம் வீட்டில் பிள்ளை கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போங்கள். "இடி இடிக்கும்போது டிவியை ஏன் அணைக்கணும்?" என்பது மாதிரிக் கேள்வி போதும். அதற்குப் பதில் எந்தப் புத்தகத்தில் இருக்கும் என்று அலமாரி அலமாரியாகத் தேடுவதே ஒரு பயிற்சி. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் துளிர் மாத இதழுக்கு வீட்டு முகவரியில் சந்தா கட்டிவிடுங்கள். மகனுக்கு இப்போதே எட்டும், மகளுக்கும் சலிக்காது.

அடுத்தது உங்கள் மொட்டை மாடி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மதுரையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வருடத்தில் இரண்டு முறை சூரியன் இலவசமாக ஒரு பாடம் நடத்துகிறது, நாம்தான் அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 9.9 பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் வடக்கே போகும்போது ஏப்ரல் 16ஐ ஒட்டியும், தெற்கே திரும்பும்போது ஆகஸ்ட் 27ஐ ஒட்டியும் நம் ஊருக்கு நேர் உச்சியில் வரும். அன்றைக்கு உச்சிப் பொழுதில் நேராக நிற்கும் எந்தப் பொருளுக்கும் பக்கவாட்டில் நிழல் விழாது. நிழலில்லா நாள் என்று இதைச் சொல்கிறோம். சித்திரை பிறந்து இரண்டே நாளில் வருவதால் ஞாபகம் வைத்துக்கொள்வதும் சுலபம். வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி அல்லது பிவிசி பைப் ஒன்றை மணல் நிரப்பிய வாளியில் நடுங்கள். கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு மாதிரி நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீசால் குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கு நிழல் காணாமல் போகும் என்று எதிர்பார்ப்பார்கள். போகாது. 12 மணி 18 நிமிடம் வாக்கில்தான் போகும். ஏன் அந்தப் பதினெட்டு நிமிடம் என்று அவர்களே கேட்பார்கள், கேட்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். நம் கடிகாரம் ஓடுவது 82½ பாகைத் தீர்க்கக் கோட்டின் நேரத்தில். மதுரை இருப்பது 78.1 பாகையில், அதாவது 4.4 பாகை மேற்கே தள்ளி. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். பெருக்கிப் பார்த்தால் பதினேழரை நிமிடம் வந்துவிடும். புவியியல் பாடத்தில் மனப்பாடம் செய்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் மொட்டை மாடியில் சாக்பீஸ் புள்ளிகளாகக் கிடக்கும்.

மகள் எட்டாம் வகுப்பு என்பதால் இன்னும் ஒரு படி போகலாம். சென்னையில் அத்தையோ சித்தப்பாவோ இருந்தால் அதே நாளில், அதே நீளக் குச்சியை அங்கேயும் நட்டு, மிகக் குட்டையான நிழலை அளந்து சொல்லச் சொல்லுங்கள். அங்கே உச்சிப் பொழுது 12.09 வாக்கில். நமக்கு நிழல் இல்லாத அன்று அவர்களுக்கு ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர் நிழல் விழும். வரைபடத்தில் மதுரைக்கும் சென்னைக்கும் நேர் வடக்குத் தெற்கான தூரத்தை மட்டும் அளந்தால் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பஸ் போகும் தூரத்தை எடுக்கக் கூடாது. 350ஐக் குச்சியின் நீளமான 100 சென்டிமீட்டரால் பெருக்கி, நிழலின் நீளமான 5.5ஆல் வகுத்தால் 6,364. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர்! எரடோஸ்தனீஸ் என்ற கிரேக்கர் எகிப்தில் இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் செய்த கணக்கு இதுதான்.

உங்களுக்கு விடை அவ்வளவு சுத்தமாக வராமல் போகலாம். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டாக இருப்பதால் நிழலின் நுனி மங்கலாகத்தான் விழும். ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய எடுத்தாலே விடை நூறு கிலோமீட்டருக்கு மேல் மாறும். 5,900 வந்தாலும் 6,900 வந்தாலும் வந்ததை வந்தபடி எழுதி, எங்கே பிசகியிருக்கும் என்று பேசுங்கள். புத்தகத்தில் இருக்கிற எண்ணுக்காக அளவை வளைக்கப் பிள்ளையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அன்று மேகம் போட்டால் மறுநாள் செய்யலாம். ஒரு நாள் தள்ளினால் மதுரையில் ஆறு, ஏழு மில்லிமீட்டர் நிழல்தான் இருக்கும். ஒரே எச்சரிக்கை, சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது. குச்சியையும் தரையையும் மட்டும் பார்த்தால் போதும்.

அதே மாடியில் இரவில் வடக்கே திரும்பிக் கையை நீட்டி முஷ்டியை மடக்கினால், தொடுவானத்துக்கு ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம் இருக்கும். முஷ்டி ஏறக்குறைய பத்து பாகை, மதுரையின் அட்சரேகையும் அதேதான். ஊர் வெளிச்சத்தில் தெரியாவிட்டால் அழகர்கோவில் பக்கம் போகும் நாளில் பாருங்கள். மே நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் தென் சிலுவைக் கூட்டம் நிமிர்ந்து நிற்கும். டெல்லிக்காரர்கள் அதை முழுசாகப் பார்க்கவே முடியாது, நமக்கு வீட்டு மாடியிலிருந்தே கிடைக்கிறது.

சரி, வெளியே போவோம். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய் வந்திருப்பீர்கள். 2023 மார்ச்சில் திறந்ததிலிருந்து மதுரைக் குடும்பங்கள் போகாத ஞாயிறு கிடையாது. தமிழர் பெருமை என்று பேசுகிறோம், நியாயம்தான். ஆனால் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது ஒரு முழு அறிவியல் கூடம். "இது ரெண்டாயிரத்து அறுநூறு வருசம் பழசுன்னு எப்படித் தெரியும்?" என்ற ஒரே கேள்வியோடு இன்னொரு முறை போங்கள். அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரியை அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா ஆய்வகத்துக்கு அனுப்பியதில் காலம் பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 580 என்று வந்தது. 200 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குப் பொ.ஆ.மு. 205. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் இதை வெளியிட்டது. மகளிடம் இந்த நான்கு எண்களை மட்டும் கொடுங்கள். 153 சென்டிமீட்டர் மண் சேர 375 வருடம் ஆகியிருக்கிறது; அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை வருடம்? எல்லாக் காலத்திலும் ஒரே வேகத்தில் மண் சேர்ந்திருக்குமா? வைகையில் வெள்ளம் வந்த வருடத்தில் என்ன ஆகியிருக்கும்?

கரிமக் கணிப்பு எப்படி நடக்கிறது என்பதை மகனுக்கும் புரியவைக்க முடியும். தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டை நூறு எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகக் குலுக்கிப் போட்டு, வெள்ளை விழுந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, மீதியை எண்ணி எழுதுங்கள். மறுபடி போடுங்கள், மறுபடி எடுங்கள். நூறு ஏறக்குறைய ஐம்பதாகும், ஐம்பது இருபத்தைந்தாகும். எந்தக் கொட்டை எப்போது வெள்ளையாக விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் ஒவ்வொரு போடுக்கும் பாதி போய்விடும் என்று சொல்லலாம். கரிமம்-14 அணுவும் அப்படித்தான், பாதியாகக் குறைய 5,730 வருடம் எடுக்கும். 2,600 வருடத்தில் இன்னும் 73 சதவீதம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை எண்ணித்தான் காலத்தைச் சொல்கிறார்கள். இதை வீட்டில் விளையாடிவிட்டுக் கீழடிக்குப் போனால், உறைகிணற்றையும் பானை ஓட்டையும் பார்க்கும்போது பிள்ளைகள் கேட்கிற கேள்வியே மாறிவிடும். கிளம்புமுன் அன்றைக்கு விடுமுறையா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். மதுரைப் பிள்ளை ஒவ்வொன்றும் தெரிந்துகொள்ள வேண்டிய பொறியியல் ஒன்று உண்டென்றால் அது பெரியாறு–வைகைதான். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895இல். கட்டியவர் பென்னிகுவிக், தேனி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு அவர் படம் ஏன் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சுரங்கம் வழியாக வரும் தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகை அணைக்கு வருகிறது. வைகை அணை 1959இல் திறந்தது. பிறகு பேரணை என்ற இடத்திலிருந்து கால்வாய் வழியாக மேலூர் வரை வயலுக்குப் போகிறது. உங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி ஆண்டிபட்டியில் இறங்கினால் அணைக்கு டவுன் பஸ் உண்டு.

ஆனால் அணைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வேலையை ஆரம்பிக்க வேண்டும். தினமும் நாளிதழில் பெரியாறு, வைகை இரண்டின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு எல்லாம் போடுகிறார்கள். பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு "இந்த வருசம் பரவாயில்ல" என்று மடித்து வைத்துவிடுகிறோம். மகளை ஒரு கிராப் நோட்டில் தினமும் குறிக்கச் சொல்லுங்கள். வைகைக்கு முழுக் கொள்ளளவு 71 அடி. விநாடிக்கு ஆயிரம் கன அடி தண்ணீர் ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி. ஒரு நாளை விநாடிகளாக்கிப் பெருக்கினால் அவளே கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்து, நாளைக்கு இருப்பு எவ்வளவு ஏறும் என்று இன்றைக்கே எழுதி வைத்து, மறுநாள் பேப்பரோடு ஒப்பிடட்டும். சில நாள் சரியாக வரும், சில நாள் வராது. வராத நாள் ஏன்? வெயிலில் ஆவியாகிப் போனதா, நாள் நடுவில் மதகின் அளவை மாற்றினார்களா? இத்தனைக்குப் பிறகு அணைக்குப் போனால், மதகையும் அளவுக் குறியையும் அவள் பார்க்கும் விதமே வேறாக இருக்கும். வேலை செய்கிறவர்களிடம் அவளே போய்க் கேட்பாள்.

கொடைக்கானலுக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது போவீர்கள். படகுத் துறையோடு திரும்பிவிடாமல் சூரிய ஆய்வகத்துக்கும் போங்கள். 1877ஐ ஒட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜில்லாக்களில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கத் தொடர்ந்து சூரியனைக் கவனிக்க வேண்டும் என்ற யோசனை எழுந்தது. அந்த யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் 1899இல் அமைந்த கொடைக்கானல் ஆய்வகம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கண்டார். உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். நூறு வருடத்துக்கு மேலாகத் தினம் தினம் எடுத்த சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: மேதைகள் ஒரு நாளில் கண்டுபிடித்தது கொஞ்சம், பெயர் தெரியாத பலர் நாள் தவறாமல் எழுதி வைத்ததில் கிடைத்தது ரொம்ப அதிகம். இப்போது இந்திய வானியற்பியல் நிறுவனம் அதை நடத்துகிறது. பொதுமக்கள் பார்க்கக் காட்சிக்கூடம் உண்டு, நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள்.

காரைக்குடியை மதுரைக்காரர்கள் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்காக மட்டும் நினைப்பது எனக்கு வருத்தம். அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்தது. பேட்டரி, துரு, மின்முலாம் என்று நாம் தினம் தொடும் விஷயங்களில் ஆராய்ச்சி நடக்கிற இடம். அதன் தாய் அமைப்பான சிஎஸ்ஐஆரின் நிறுவன நாளான செப்டம்பர் 26ஐ ஒட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். விஞ்ஞானிகளே நின்று விளக்குவார்கள், மகள் அவசியம் போக வேண்டும். கோளரங்கம் பார்க்கத் திருச்சியில் அண்ணா அறிவியல் மையம். தொட்டு, இழுத்து, சுழற்றிப் பார்க்கிற மாதிரிக் காட்சிப் பொருள்களுக்குத் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம். 1987 முதல் இருக்கிறது, மகன் வயதுக்கு இதுதான் நல்ல தேர்வு. ராமேஸ்வரம் போனால் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தோடு, ரயிலிலேயே போய்ப் பாம்பன் பாலத்தையும் காட்டுங்கள். 2022 டிசம்பர் வரை ரயில் ஓடிய 1914 பாலம் இரண்டு கைபோல மேலே திறந்துவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். ஏன் முறையை மாற்றினார்கள் என்று ரயிலிலேயே விவாதிக்கலாம்.

உள்ளூரிலேயே அரிட்டாபட்டி இருக்கிறது, மேலூர்ப் பக்கம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். பாறை, சுனை, கண்மாய், தமிழி கல்வெட்டு, வல்லூறு எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். பறவை பார்க்க அவ்வளவு தூரம்கூட வேண்டாம், பக்கத்தில் தண்ணீர் நிற்கிற எந்தக் கண்மாயும் போதும். பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015இலிருந்து. பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்டு செயலியில் பதிந்தால், உங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையும் உண்மையான ஆய்வுத் தரவாகிவிடும். முக்குளிப்பான், நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, மீன்கொத்தி என்று பத்துப் பறவை தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

இப்போது ரோபோடிக்ஸ். சேர்க்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர் அமைந்தால் அருமையான விஷயம். ஆனால் பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை தானே வயரை மாட்டுகிறதா, மாட்டிவைத்ததைத் தொட்டுப் பார்க்கிறதா? புரோகிராமை அவர்களே எழுதுகிறார்களா, சார் கொடுத்ததை ஏற்றி ஓட்டுகிறார்களா? வண்டி ஓடாமல் நின்றால் ஆசிரியர் வந்து சரிசெய்துவிட்டுப் போகிறாரா, "ஏன் ஓடலன்னு பாரு" என்று விடுகிறாரா? கிட் வீட்டுக்கு வருமா? கடைசி நாள் சான்றிதழும் கோப்பையும் மட்டும்தான் மிச்சம் என்றால் அந்தப் பதினெட்டாயிரம் வீண்.

என்னைக் கேட்டால், முதலில் டவுன்ஹால் ரோடு பக்கம் இருக்கிற எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடை ஒன்றுக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்று, சின்ன பஸ்ஸர் ஒன்று, ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஒன்பது வோல்ட் பேட்டரி, கொஞ்சம் வயர். நூற்றைம்பது ரூபாயைத் தாண்டாது. இதை வைத்து மாடியில் இருக்கிற சின்டெக்ஸ் டேங்க் நிரம்பினால் சத்தம் போடுகிற கருவி செய்யலாம். இரண்டு வயர் நுனிகளை டேங்கின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால் அதன் வழியாகத் துளி மின்சாரம் டிரான்சிஸ்டரின் பேஸ் என்கிற காலுக்குப் போகும். அந்தத் துளி, பேட்டரியிலிருந்து பஸ்ஸருக்குப் போகிற பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும். மின்சுற்றுப் படம் இணையத்தில் எங்கும் கிடைக்கும். முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் சோதித்துப் பார்க்கட்டும். போர் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், பேட்டரி கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் மூன்றிலும் வைத்துப் பார்த்தால் சத்தம் வேறுபடலாம். உப்புக்கும் மின்கடத்தலுக்கும் என்ன சம்பந்தம் என்பது அங்கேயே விளங்கும். பேட்டரியில் ஓடுவதால் ஷாக் பயம் இல்லை, மோட்டார் லைனில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். இதைச் செய்து, தப்பாகி, திரும்பச் செய்து, டேங்க் மேல் மாட்டிய பிள்ளை "அடுத்து என்ன?" என்று கேட்டால், புரோகிராம் எழுதி ஓட்டுகிற ஆர்டுயினோ போர்டு ஒன்று சில நூறு ரூபாயில் வாங்கிக் கொடுங்கள். அதற்கப்புறமும் ஆர்வம் நிற்கவில்லை என்றால் வகுப்பில் சேர்ப்பது நியாயமான செலவு. இன்னொன்றையும் விசாரியுங்கள்: 2016 முதல் மத்திய அரசு பல பள்ளிகளில், பிள்ளைகள் தாங்களே கருவி செய்து பார்க்கிற அடல் டிங்கரிங் லேப் அமைக்க 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. மகள் பள்ளியில் இருந்தால் 3டி பிரிண்டர் வரை அங்கேயே இருக்கும். அது பூட்டிக் கிடக்கிறதா, பிள்ளைகள் கை வைக்கிறார்களா என்று பெற்றோர் கேட்டால்தான் திறப்பார்கள்.

பள்ளி வழியாகக் கிடைப்பவை இன்னும் சில உண்டு. அரசுப் பள்ளி என்றால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வானவில் மன்றம் இருக்கிறது. 2022 நவம்பரில் தொடங்கிய திட்டம், பரிசோதனைகளைச் செய்தே காட்டுவார்கள். ஆறாம் வகுப்பு முதல் படிப்பவர்களின் புது யோசனைகளைப் பள்ளி மூலம் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்யப் பத்தாயிரம் ரூபாய் வரும். ஆசிரியர்தான் பதிய வேண்டும், அதனால் ஜூன் மாதமே போய்ப் பேசிவிடுங்கள். இஸ்ரோவின் யுவிகா ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான இரண்டு வாரப் பயிற்சி, மே மாதத்தில் நடக்கும், செலவு இஸ்ரோவுடையது. தேர்வில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் அறிவியல் போட்டிகளில் கலந்துகொண்டதையும் பார்க்கிறார்கள், ஆகவே மகளுக்கு இந்த வருடமே முக்கியம்.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. 10 முதல் 17 வயது வரை யாரும் கலந்துகொள்ளலாம், நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கிறது. கடையில் வாங்கிய மாடலை மேசையில் வைக்கிற கண்காட்சி இது கிடையாது. தன் ஊரில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, மாதக்கணக்கில் அளந்து, கணக்குப் போட்டு, நடுவர் முன்னால் நின்று பேச வேண்டும். நன்றாகச் செய்தவர்கள் மாவட்டம், மாநிலம் என்று மேலே போவார்கள். ஒரு பொதுத் தலைப்பு கொடுப்பார்கள். அதற்குள் உள்ளூர் விஷயத்தைப் பொருத்திக்கொள்ளலாம்.

மகளுக்கு ஒரு யோசனை சொல்கிறேன், எடுத்துக்கொண்டாலும் சரி. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விடியுமுன் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு வந்து, சாயங்காலம் விரிகிற பூ அது. விரிந்த பிறகு விலை போகாது, ஆகவே விரிவதைத் தள்ளிப்போடுவது ஒவ்வொரு பூக்காரம்மாவுக்கும் அன்றாடப் பிரச்சினை. ஒரே வியாபாரியிடம் ஒரே நேரத்தில் வாங்கிய மொட்டை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, ஒரு பங்கை ஈரத்துணியில், ஒன்றை வாழை இலையில், ஒன்றை பிரிட்ஜில், ஒன்றைச் சும்மா தட்டில் வைத்து, மதியத்திலிருந்து அரை மணிக்கு ஒருமுறை எத்தனை விரிந்தது என்று எண்ணி எழுதட்டும். பக்கத்தில் ஒரு வெப்பமானி. எண்ணுகிற வேலையைத் தம்பியிடம் கொடுக்கலாம். சித்திரையில் ஒரு வாரம், ஐப்பசியில் ஒரு வாரம் செய்தால் வெயிலின் பங்கும் தெரிந்துவிடும். பூக்கட்டுகிற அம்மாக்கள் என்ன செய்து தாக்குப்பிடிக்கிறார்கள் என்று நான்கு பேரிடம் கேட்டு எழுதுவதும் ஆய்வின் ஒரு பகுதிதான். வழிகாட்ட ஒரு ஆசிரியர் வேண்டும். பள்ளியில் யாரும் முன்வராவிட்டால் அறிவியல் இயக்கத்தின் மதுரை மாவட்டக் கிளையைக் கேளுங்கள், உங்கள் பகுதியில் ஒருவரைக் காட்டுவார்கள். மொட்டை எண்ணத் தொடங்குவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டாம்.